வாசகரைத் தேடி நடந்த கால்கள்

சென்ற பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, அயலில் வசிக்கும் பெண்மணி ஒருவர் எமது வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை. பைக்குள் கட்டுக் கட்டாகக் கடதாசிகள். பகல் முழுவதும் தையல் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் பிள்ளைகள் உறங்கிய பின் எழுதி, போட்டோக் கொப்பி எடுத்துத் தாமே வெளியிட்ட நான்கு பக்கச் சிற்றேடு அது. ஊர் நினைவுகள், ஒரு சிறுகதை, ஆச்சி சொன்ன கைமருந்து, சிறுவருக்கு ஒரு பாட்டு என்பன அதில் இருந்தன. இருநூறு பிரதிகள் எடுத்துத் தமிழ்க் கடைகளிலும் கோவில் வாசலிலும் வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை வைத்த இடத்திலேயே கிடந்தனவாம். ஒரு கடையில் அதில் கறிவேப்பிலை சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

"சேர், நான் எழுதுறது பிழையோ? இல்லாட்டி எங்கட சனம் வாசிக்கிறதையே விட்டிட்டுதோ?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. புலம்பெயர்ந்த மண்ணில் எம்மவர் தொடங்கிய ஏடுகள் எத்தனை! நோர்வேயில் 'சுவடுகள்', ஜேர்மனியில் 'தூண்டில்', சுவிற்சர்லாந்தில் 'மனிதம்', பாரிஸ் நகரில் 'எக்ஸில்', 'அம்மா', ரொறன்ரோவில் 1990 இல் தொடங்கிய 'காலம்' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றை நடத்தியோர் யாவரும் ஏதோ ஓர் இரவில் இதே கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டிருப்பர். எழுதுவது எளிது; அதைப் படிக்கும் இன்னொரு சீவனைக் கண்டுபிடிப்பதே கடினம்.

அவருக்கு அறிவுரை கூற எமக்குத் தகுதி உண்டோ என்பது வேறு விடயம். ஆனால் தகுதியுள்ள ஒரு மனிதரின் கதை எமக்குத் தெரியும். தேநீர் ஆறும்வரை அதையே கூறினேன். இங்கு அதைச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

சலூனில் பூத்த மல்லிகை

யாழ்ப்பாணத்தில் 1927 ஆம் ஆண்டு பிறந்தவர் டொமினிக் ஜீவா. சிகை அலங்கரிப்புத் தொழில் செய்த குடும்பம். சாதிக் கொடுமை பள்ளிக்கூடத்திலேயே அவரைத் தீண்டியது. ஐந்தாம் வகுப்புடன் படிப்பு நின்றது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்மீது கொண்ட பற்றினால் தம் பெயருடன் 'ஜீவா'வை இணைத்துக்கொண்டார். 1960 இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது.

பரிசு பெற்றவர் அத்துடன் அமைந்துவிடவில்லை. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' என்னும் மாத இதழைத் தொடங்கினார். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனே அதன் முதற் காரியாலயம். கத்தரிக்கோல் பிடித்த கையே கதைகளைத் திருத்தியது. முடிவெட்ட வந்தவரும் இலக்கியம் பேச வந்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தனர். பணபலமோ, கட்சிப் பத்திரிகையின் விநியோகமோ, பல்கலைக்கழகப் பட்டமோ அவரிடம் இல்லை. ஆயினும் 1966 இல் தொடங்கிய இதழ் 2012 வரை, ஏறத்தாழ நானூறு இதழ்களாக மலர்ந்தது. எங்ஙனம்?

கையிலே கொடுத்தல்

முதற் காரணம் மிக எளியது. ஜீவா தமது இதழைக் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருக்கவில்லை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, பையிலே பிரதிகளைச் சுமந்து, யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடந்தே விற்றார். இலக்கியக் கூட்டங்களுக்குப் போனால் பேசிவிட்டு மட்டும் திரும்பமாட்டார், இதழையும் நீட்டுவார். தாமே எழுதி, தாமே தொகுத்து, தாமே சுமந்து விற்பது கௌரவக் குறைவு என்று எண்ணியவர்கள் அந்நாளில் பலர். அவர் அவ்வாறு எண்ணவில்லை.

இதே காலத்தில் தமிழகத்திலும் ஒருவர் நடந்தார். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். இருவருடைய இலக்கியக் கொள்கையும் வெவ்வேறு. கால்கள் நடந்த பாதை ஒன்றே.

கையிலே கொடுக்கும்போது என்ன நிகழ்கின்றது? வாங்குபவர் கடதாசியைப் பார்க்குமுன் எழுதியவரின் முகத்தைப் பார்க்கின்றார். அடுத்த முறை சந்திக்கும்போது "வாசித்தீர்களா?" என்ற கேள்வி வரும் என்பது அவருக்குத் தெரியும். எழுதியவருக்கும் இலாபம் உண்டு. எந்தப் பக்கத்தில் வாசகர் நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்பதை அவர் நேரே கேட்டறிகின்றார். கடை மேசையில் கிடக்கும் கட்டு இவற்றுள் எதையும் சொல்லாது. ஊரிலே மரக்கறிக்காரி நாளாந்தம் ஒவ்வொரு படலையாகத் தட்டியது இதற்காகத்தானே! எந்த வீட்டில் கீரைக்கு விருப்பம், எந்த வீட்டில் வாழைப்பொத்திக்கு விருப்பம் என்று அவளுக்கு மனப்பாடம்.

வாசகரை உள்ளே அழைத்தல்

இரண்டாவது காரணமே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. மல்லிகையின் அட்டையைப் பாருங்கள். நடிகைகளின் படம் அதில் இராது. ஓர் எழுத்தாளரோ, கலைஞரோ, அறிஞரோ, சில வேளைகளில் சிங்கள எழுத்தாளரோ அட்டையை அலங்கரிப்பார். உள்ளே அவரைப் பற்றிய கட்டுரை இருக்கும். இக்கட்டுரைகள் பின்னர் 'அட்டைப்பட ஓவியங்கள்', 'மல்லிகை முகங்கள்' என்று நூல்களாயின. ஒருவருடைய முகம் அட்டையில் வந்தால், அந்த இதழ் அவருடைய ஊரெங்கும், உறவினர் வீடெங்கும் செல்லும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஊர்களுக்கும் அவ்வாறே இடமளித்தார். 1972 இல் நீர்கொழும்புச் சிறப்பிதழ் வந்தது. தென்னிலங்கையின் திக்குவல்லைக்கும் ஒரு சிறப்பிதழ் வந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சாகும் இதழில் திக்குவல்லை முஸ்லிம் இளைஞரின் எழுத்து இடம்பெற்றபோது, அவ்வூர் வாசகருக்கு மல்லிகை அயலூர்ப் பத்திரிகையாக இருக்கவில்லை, தம்முடையதாகிவிட்டது. அந்த 1972 இல் மல்லிகையில் எழுதத் தொடங்கிய நீர்கொழும்பு இளைஞர்களுள் ஒருவரே இன்று அவுஸ்திரேலியாவில் வாழும் எழுத்தாளர் முருகபூபதி. வாசகராக வந்தவர் எழுத்தாளராகின்றார். எழுத்தாளரானவர் புதிய வாசகர்களைக் கொண்டுவருகின்றார்.

'தூண்டில்' என்றொரு கேள்வி பதில் பகுதியும் மல்லிகையில் இருந்தது. வாசகர் கேட்பர், ஜீவா மறுமொழி எழுதுவார். தம் பெயரை அச்சில் காண விரும்பாத மனிதர் உண்டோ? கேட்டவர் மறுமாதம் இதழ் எப்போது வரும் என்று வழிபார்த்திருப்பார்.

இவ்வுண்மையை யானும் பட்டே அறிந்தேன். தாயகத்தில் ஆசிரியனாக இருந்தபோது பாடசாலையில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினேன். முதல் மூன்று இதழ்களிலும் சங்க இலக்கியச் சிறப்பு, நாவலர் பெருமானின் உரைநடை என்று பெரும்பாலும் யானே எழுதித் தள்ளினேன். வாசிகசாலை மேசையில் அது தூசு பிடித்தது. நான்காவது இதழில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் தந்தையுடன் கடலுக்குப் போய் வந்ததை ஒரு பக்கத்தில் எழுதினான். எழுத்துப் பிழைகள் ஏராளம். அந்தப் பக்கத்தின் ஓரம் ஒரு கிழமைக்குள் பிள்ளைகளின் விரல் பட்டுக் கிழிந்துவிட்டது. பிழைகளைத் திருத்துவதற்கு முன் அவனுடைய கதையைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தவறிய பின்பும் வருதல்

'தவறாமல் வெளிவர வேண்டும்' என்பது பத்திரிகைத் தொழிலின் முதல் விதி. ஆனால் மல்லிகையின் கணக்கைப் பாருங்கள். நாற்பத்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ நானூறு இதழ்கள் என்றால் ஆண்டொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது. ஆகவே மாதந்தோறும் தவறாமல் வந்தது என்று கூறுவது பொய்யாகும். போர், ஊரடங்கு, பொருளாதாரத் தடை, 1995 ஒக்டோபரின் பெரும் இடப்பெயர்வு என்று எத்தனையோ இடையிட்டன. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சான காலத்தை எம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். ஜீவா கொழும்புக்கு இடம்பெயர்ந்தார். மல்லிகையும் அவருடன் இடம்பெயர்ந்து அங்கே மீண்டும் மலர்ந்தது.

தவறியது குற்றமன்று. தவறிய பின் வெட்கத்தினால் நிறுத்திவிடுவதே இதழைக் கொல்லுகின்றது. வாசகர் ஒரு மாதத்தை மன்னிப்பர். மறுபடி வருவீர்கள் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்கு வேண்டும்.

இந்நகரில் எமது நிலை

"அது யாழ்ப்பாணம், சேர். இஞ்ச யார் தமிழ் வாசிக்கினம்?" என்று அப்பெண்மணி இடைமறித்தார். நியாயமான கேள்வியே.

1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர் கனேடிய மீனவர்களால் மீட்கப்பட்டதையும், அவர்களிற் பலர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்ததையும் யாவரும் அறிவர். அக்காலத்தில் வந்தோர் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டனர். 1977 ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தினால் எம் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளிலேயே கற்றனர். வீட்டில் தமிழ் காதில் விழும், கண்ணுக்குப் பழக்கமில்லை. எம்மவர் பலர் மொழியை முன்னிட்டும் தொழிலை முன்னிட்டும் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தனர். ஒவ்வொரு குடும்பம் போகும்போதும் ஒரு வாசகர் வீடு குறைகின்றது. இது மெய்.

ஆனால் வாசகர் என்றால் தனியே அமர்ந்து கண்ணால் படிப்பவர் மட்டுமோ? ஊரிலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, திண்ணையில் பத்துப்பேர் கேட்டிருந்தனர். அப்பதின்மரும் வாசகரே. கண்பார்வை மங்கிய தாத்தாவும் தமிழெழுத்து அறியாத பேரனும் ஒரே வீட்டில் இருக்கின்றனர். இடையில் உள்ள தாயோ தந்தையோ வாசித்துக் காட்டினால், ஒரு பிரதிக்கு மூன்று வாசகர்.

பேரப்பிள்ளையின் மொழிக்கும் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தால் என்ன? தமிழ்த் தூய்மை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த பத்திரிகை. எமது முதற் பத்திரிகையே இருமொழிப் பத்திரிகையாக இருந்ததென்றால், பிரெஞ்சு மொழியில் பத்து வரி இடுவதால் வானம் இடிந்து விழாது.

நாற்பது வீடுகள்

அவ்விரவு இருவரும் அமர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். இருநூறை நாற்பதாகக் குறைத்தோம். நாற்பது வீடுகளின் பெயர், அவ்வீட்டு முதியவரின் ஊர், பிள்ளைகளின் வயது என்பன குறிக்கப்பட்டன. கடையில் வைப்பது நிறுத்தப்பட்டது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே படியேறிக் கொடுத்தார். எட்டு வீடுகள் கதவு திறக்கவில்லை. இரு வீடுகளில் "எங்களுக்கு இதுக்கெல்லாம் நேரமில்லை" என்றனர். அவற்றை நீக்கி வேறு வீடுகளைச் சேர்த்தார்.

இரண்டாவது இதழில் அவர் எழுதியது பாதி. மீதிப் பாதி வீடுகளில் கேட்டு எழுதியது. ஒரு மூதாட்டி ஒடியற்கூழ் காய்ச்சும் பக்குவம் சொன்னார். மூன்றாவது இதழில், கடல் கடந்து வந்த ஒரு முதியவர் அந்நாட்களைப் பற்றிச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். மகள் அதை மேசையில் உரத்து வாசித்தபோது, பதினான்கு வயதுப் பேரன் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று பிரெஞ்சு மொழியில் கேட்டானாம். அக்கேள்வியும் தாத்தாவின் பதிலும் நான்காவது இதழில் வந்தன. தாத்தாவுக்கு நீந்தத் தெரியாது.

இப்போது எழுபது பிரதிகள் எடுக்கின்றார். இருநூறுக்கு இது எவ்வளவோ குறைவு. ஆனால் ஒன்றேனும் கறிவேப்பிலை சுற்றப் போவதில்லை. ஒரு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இதழ் வராதபோது, ஐந்து வீடுகளிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததாம். "வரேல்லை எண்டு ஏசினவை, சேர்!" என்று அவர் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க எம்மால் இயலாது.

டொமினிக் ஜீவா 2021 சனவரியில், தொண்ணூற்று மூன்றாவது வயதில் கொழும்பில் மறைந்தார். மல்லிகை இதழ்களை இன்று 'நூலகம்' நிறுவனத்தின் மின்தொகுப்பில் எவரும் படிக்கலாம். ஆயினும் அவர் விட்டுச் சென்ற பாடம் அந்தப் பக்கங்களில் மட்டும் இல்லை. அவற்றைச் சுமந்து அவர் நடந்த தெருக்களிலும் இருக்கின்றது.

அன்பர்களே, உங்களுள் எழுதுவோர் இருப்பின் அடுத்த பிரதியைக் கடையில் வைக்காமல் ஒருவர் கையிலே கொடுங்கள். எழுதாதோர் இருப்பின், உங்கள் கதவை ஒருவர் தட்டும்போது திறவுங்கள். வாசித்தபின் ஒரு சொல் சொல்லுங்கள், குறையேனும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு முதியவரின் கதை இன்னும் எவராலும் எழுதப்படாதிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியை எடுத்து அவர் அருகில் அமருங்கள்.