கரும்பன்றியின் தசை

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மலையாளிப் பழங்குடியினர் வளர்க்கும் நாட்டுக் கரும்பன்றிக்கும், சமவெளிப் பண்ணைகளில் கொழுக்கும் பெரிய வெள்ளை யார்க்ஷயர் இனத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடையைக் கொண்டு மட்டும் அளப்பது பெரும் பிழை; கறியின் நிறம், சாறு, மென்மை ஆகியவற்றுக்குக் காரணம் தசை இழைகளின் இயல்பே ஆகும்.

ஆக்சிஜனைக் கொண்டு மெல்ல, களைப்பின்றி இயங்கும் இழைகள் மயோகுளோபின் என்னும் இரும்புச் சத்துள்ள புரதத்தால் சிவந்திருக்கின்றன. கிளைகோஜன் எனப்படும் சேமிப்பு மாவுச்சத்தைச் செலவிட்டு விரைந்து இயங்குபவை வெளிறியவை. மாட்டுத் தசையில் இவ்விரு வகையும் கலந்து பரவியிருக்க, பன்றியிலோ செவ்விழைகள், சாமைக் கொல்லையில் அங்கங்கே தலைதூக்கும் பாறைத் திட்டுகளைப் போல, வெள்ளிழைகள் சூழக் கொத்துக் கொத்தாக அமைந்திருப்பது நுண்ணோக்கியில் காணத்தக்க வியப்பாகும். இழைகளின் எண்ணிக்கை குட்டி பிறக்கும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுவதால், பின்னர் தசை வளர்வது இழைகள் பருப்பதனாலேயே. காட்டுப்பன்றியோடு ஒப்பிட, கொழுப்பு குறைந்த கறிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்களில் வெள்ளிழைகள் மிகுந்திருக்கின்றன.

இத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. வெட்டியபின் கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுகையில், தசையின் பிஎச் அளவு (அமிலத்தன்மையின் குறியீடு, குறையக் குறைய அமிலம் மிகும்) ஏறத்தாழ 7இலிருந்து 5.6 வரை மெல்லக் குறைவதே நல்ல கறிக்கு அடையாளம். உடல் சூடு ஆறுமுன்னரே, முக்கால் மணி நேரத்துக்குள் அது 6க்குக் கீழே விழுந்தால் புரதங்கள் சிதைந்து, கறி வெளிறித் தளர்ந்து நீரைக் கசியவிடுகிறது. பெல்ஜியத்தின் பியட்ரேன் இனத்தில் பரவலாக இருந்த இக்குறைக்கு, தசையணுவின் கால்சிய வாயிலைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றமே காரணம் என்பது 1991இல் கண்டறியப்பட்டது.

காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் யார்க்ஷயரோடு நாட்டுப்பன்றியைக் கலந்து உருவாக்கிய கலப்பினம், உள்ளூர்க் குருதியின் பயனை ஒப்புக்கொண்ட முயற்சியாகும். ஆயினும் மலைக் கரும்பன்றியின் இழை அமைப்பும் தசையினுள் ஊடுருவிய கொழுப்பும் எடைக்கு நிகரான கவனத்தைப் பெற வேண்டியவை. நல்ல இனமும் கெட்ட கையாளுதலால் வீணாகும்: வெட்டுமுன் கால்களைக் கட்டி நெடுநேரம் அலைக்கழிக்கப்பட்ட பன்றியின் கிளைகோஜன் முன்னரே தீர்ந்துபோவதால் போதிய அமிலம் உருவாகாமல், கறி கறுத்து, கெட்டியாகி, விரைவில் கெட்டுவிடுகிறது.