குடிசைப் பகுதிச் சட்டத்துக்குத் தணிக்கை ஏன்?

ஏழைகளுக்கு வீடு கிடைக்க வழிசெய்யும் சட்டம் நடைமுறையில் பயன் தருகிறதா? மகாராஷ்டிரத்தின் 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் செயல்பாட்டைத் தணிக்கை செய்ய மும்பை உயர்நீதிமன்றத்தை உச்சநீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் கேட்டுக்கொண்டது.

திட்டம் என்ன?

குடிசைகள் இருந்த நிலத்தில் கட்டுமான நிறுவனம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து வசிப்போருக்கு வீடு இலவசம். கூடுதலாகக் கட்டும் வீடுகளைச் சந்தை விலைக்கு விற்று, நிறுவனம் செலவை ஈடுசெய்து லாபமும் ஈட்டும்.

சிக்கல் எங்கே?

குடிசைப் பகுதி என அறிவித்தல், பயனாளிகளை அடையாளம் காணுதல், கட்டுமான நிறுவனத்தைத் தேர்வு செய்தல், தற்காலிகத் தங்குமிடம் அளித்தல் என ஒவ்வொரு கட்டத்திலும் தகராறு எழுகிறது. இச்சட்டம் தொடர்பாக உயர்நீதிமன்றத்தில் 1,612 வழக்குகள் நிலுவையில் இருப்பதாகவும், அவற்றில் 135 வழக்குகள் 10 ஆண்டுகளைக் கடந்தவை எனவும் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அதன் விசாரணைக்கு வந்த வழக்கே இதற்குச் சான்று. மும்பை போரிவலியில் 2003-இல் தொடங்கிய திட்டம் நெடுங்காலம் முடங்கியதால் கட்டுமான நிறுவனம் நீக்கப்பட்டது. அதை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பணி முடங்கினால், வீட்டுக்காகக் காத்திருப்போர் குடிசைவாசிகளே.

அடுத்து என்ன?

தணிக்கை குறைகளை வெளிக்கொணரலாம். எனினும், சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உண்டு.