கிளாஸ்கோ நகரில் ஒரு திருச்சபையும் அதன் அயலவரும்

சிற்றூரில் ஒருவன் பசித்திருந்தால் அயல்வீட்டார் அறிவர். பெருநகரிலோ ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குவோரும் ஒருவரையொருவர் அறியாது வாழ்தல் கூடும். இக்குறையை ஒரு திருச்சபையினால் நீக்க இயலுமா? ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, 1819ஆம் ஆண்டில், இவ்வினாவுக்குச் செயலால் விடைகாண முனைந்தவர் தோமஸ் சால்மர்ஸ் என்னும் போதகராவர்.

பருத்தி ஆலைகள் பெருகிய காலம் அது. 1801இல் ஏறக்குறைய 77,000 ஆக இருந்த நகரின் குடித்தொகை, 1821இல் ஏறக்குறைய 1,47,000 ஆயிற்று. ஸ்கொத்லாந்துச் சிற்றூர்களில், கோயில் வாயிலிலே வைத்த தட்டில் விழும் காணிக்கையைக் கொண்டு சபை மூப்பர் வறியோரைத் தாங்குதல் பழைய மரபு. கிளாஸ்கோவிலோ அதனோடு வரிப்பணமும் வேண்டியதாயிற்று. வரியாகப் பெற்று வழங்கும் உதவி, கொடுப்போரையும் பெறுவோரையும் பிரித்துவிடும் என்பது சால்மர்ஸின் கருத்து. எனவே, சிற்றூரின் மரபைப் பெருநகரில் நாட்ட அவர் விழைந்தார்.

நகரசபை அவருக்கென வகுத்த புனித யோவான் வட்டாரத்தில் ஏறக்குறைய 10,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுட் பலர் நெசவாளரும் ஆலைத் தொழிலாளருமாவர். அவர் அதனை 25 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் உதவிக்காரரை நியமித்தார். அவர் வீடுதோறும் சென்று குடும்பங்களை அறிந்துகொள்வார். உதவி கேட்போர்க்கு முதலிலே வேலை தேடித்தர முயல்வார். பின்னர் உறவினரையும் அயலவரையும் நாடுவார். எவ்வழியும் இல்லாதவிடத்தே சபை நிதி உதவும். ஓய்வுநாட் பள்ளிகளும், குறைந்த கட்டணத்தில் நடந்த நாட்பள்ளிகளும் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தன.

ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 பவுணாக இருந்த வறியோர் செலவு 280 பவுணாகக் குறைந்தது. ஆதரிப்போர் இதனைப் பெருவெற்றி என்றனர். மறுப்போரோ, வட்டாரத்துக்கு வெளியே வாழ்ந்த செல்வரின் துணையினாலேயே இது நடந்ததென்றும், செலவு குறைந்தமையால் துன்பம் குறைந்ததென்று கொள்ளலாகாதென்றும் வாதிட்டனர். சால்மர்ஸ் 1823இல் பேராசிரியராகச் சென்றார். அவர் சென்றபின்னும் நீடித்த முறை 1837இல் கைவிடப்பட்டது.

1840இல் எடின்பரோ மருத்துவர் வில்லியம் அலிசன், வறுமையே கொள்ளைநோய்க்கு வழிவகுக்கிறது; சட்டப்படியான உதவி இன்றியமையாதது என எழுதினார். ஆலை மூடப்படும்போது தெரு முழுவதும் வேலையிழந்தால், அயலவன் எவ்வாறு அயலவனைத் தாங்குவான்? 1845இல் ஸ்கொத்லாந்தின் வறியோர் சட்டம் திருத்தப்பட்டது.

ஆயினும், சால்மர்ஸின் முயற்சி வீணன்று. வீடுதேடிச் சென்று நிலைமையறிந்து உதவும் அவரது முறை, பிற்காலச் சமூகசேவைக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. சட்டம் உணவளிக்கலாம், கதவைத் தட்டி நலம் உசாவ மனிதரே வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே அவ்வட்டாரம் புகட்டும் பாடமாகும்.