கவசம் காக்காத காற்று

பாராகிளைடருக்கு எலும்புக்கூடு கிடையாது. தைத்த துணி அறைகளுக்குள் முன்விளிம்பு வழியாகக் காற்று புகுந்து அழுத்தம் தரும்வரைதான் அது இறக்கை. அழுத்தம் போனால் வெறும் துணி. இந்த விளையாட்டின் ஆபத்துகளில் பெரும்பகுதி இதிலிருந்தே தொடங்குகிறது.

மரக்காணம் உப்பளக் கரையில் ஏலகிரி போல மலை இல்லை. இங்கே பறக்க வேண்டுமானால் கயிறு கட்டி இழுக்க வேண்டும், அல்லது முதுகில் மோட்டார் சுமக்க வேண்டும். ஆனால் காற்றின் குணத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது. கோடையில் வெயில் ஏற ஏற, உப்பு பூத்த பாத்தி ஒளியைத் திருப்பி அனுப்பும். பக்கத்துக் கரம்பும் தார்ச்சாலையும் வெப்பத்தை உள்வாங்கிக் கொதிக்கும். சூடேறிய தரையிலிருந்து காற்று தூணாக எழும். அதன் ஓரங்களில் கீழிறங்கும். நண்பகலை ஒட்டி வங்கக் கடலிலிருந்து கடற்காற்று நுழையும்போது இது இன்னும் முரடாகும். ஏறுகாற்றிலிருந்து இறங்குகாற்றுக்குள் போகும் இறக்கையின் ஒரு பக்கம் சட்டென்று மடிந்துவிடக்கூடும். உயரத்தில் பெரும்பாலும் அது தானே விரிந்துகொள்ளும். தரைக்கு அருகில் அதற்கு நேரமில்லை.

சாதாரண பாராகிளைடரின் வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர். எதிர்காற்று அதை மிஞ்சினால் பறப்பவர் பின்னோக்கித் தள்ளப்படுவார். கடற்காற்று தள்ளும் திசையில் இருப்பவை மின்கம்பிகளும் சாலையும்.

அவசர பாராசூட், ஐரோப்பியத் தரவிதிப்படி, வினாடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் வேகமெடுக்காமல் இறக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்கு அது சமம். விழுந்து உருளத் தெரிந்தவர் தாங்குவார். ஆனால் கையால் எறிந்து அது விரிவதற்கு உயரம் வேண்டும். இருபது, முப்பது மீட்டரில் இறக்கை மடிந்தால் பெரும்பாலும் கை பாராசூட்டின் பிடிக்குப் போவதற்குள் தரை வந்துவிடும். ஹெல்மெட் மண்டையைக் காக்கும், கழுத்தைக் காக்காது. இருக்கைக்கு அடியிலுள்ள முதுகுக் காப்பைச் சோதிப்பது இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து போட்டுத்தான். அதற்கு மேலிருந்து விழுபவரின் முதுகெலும்புக்கு அது உத்தரவாதம் தராது. நீரில் விழுந்தால் அதே காப்பு மிதந்து ஆளை முகங்குப்புறத் தள்ளக்கூடும். இறக்கையின் நூல்களும் சுற்றிக்கொண்டால் ஆழம் குறைந்த உப்புநீர்த் தேக்கத்திலும் மூச்சுத் திணறும். இறக்கைக்குத் தரும் தரச்சான்றையும் அளவோடுதான் நம்ப வேண்டும்: அமைதியான காற்றில், தேர்ந்த விமானிகள் வேண்டுமென்றே மடித்துப் பார்த்துத் தருவது அது.

இடிமேகத்தின் முன் எந்தக் கவசமும் நிற்காது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் ஒரு புயல்மேகம் ஜெர்மனியின் ஈவா விஷ்னியெர்ஸ்காவை 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்றது. நினைவிழந்து, உறைபனி போர்த்தியும் அவர் உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹெ சோங்பின் இறந்தார். இருவரும் அனுபவசாலிகள், தேர்ந்த கருவிகளோடு பயிற்சிக்கு எழும்பியவர்கள்.

இமாச்சலத்தின் பீர்-பில்லிங்கில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பறக்கத் தடை விதிப்பது சரியான முடிவு. மரக்காணம் போன்ற கரையில் கோடை மாலை இடிமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதே கண்டிப்பைக் கோருபவை. மற்ற நாட்களிலும் கடற்காற்று எழுவதற்கு முன் காலையிலேயே பறப்பை முடித்துத் தரையிறங்கிவிட வேண்டும்.