பழைய மோட்டார் சைக்கிளும் வியாபார நாணயமும்



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட பின்னர் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மவுசு கூடியது நினைவிருக்கலாம். கடைச் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக நானும் அக்காலத்தில் ஒரு பழைய ஹொண்டா சி 90 வாங்கினேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஏற்றத்தில் இழுவை இல்லை, கறுப்புப் புகை, பெற்றோல் செலவும் அதிகம். காட்டிய கராஜில் என்ஜினைக் கழற்றி, போர் அடித்து, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றார்கள்.

செலவைக் கேட்டதும் ஷைத்தான் மனதில் புகுந்தான். ஊரில் மீன் விற்கும் தம்பி ஒருவர் சைக்கிளொன்று தேடிக்கொண்டிருந்தார். கழுவிப் பொலிஷ் போட்டு அவர் தலையில் கட்டிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அடியில் நனைந்த தானியத்தை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நினைவுக்கு வந்தது. விற்பதானால் குறையைச் சொல்லி விற்க வேண்டும். சொல்வதற்கு முதலில் நான் அறிய வேண்டும். ஜும்ஆ முடிந்து வந்து, சாவிகளோடு முற்றத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் பிளக்கைக் கழற்றினேன். நுனியில் உலர்ந்த கரி. என்ஜின் ஒயிலை எரித்தால் புகை நீலமாக வரும், பிளக்கும் ஒயில் பிசுக்காக இருக்கும். உலர்ந்த கரியும் கறுப்புப் புகையும் காற்றுப் போதாமையின் அடையாளம். எயார் பில்டரைப் பார்த்தேன்; தூசியால் அடைபட்டிருந்தது. புதியதொன்று போட்டேன். பிளக்கைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீற்றருக்குள் வைத்தேன்.

அடுத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சில்லைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் ஷூ தேய்ந்துபோக, யாரோ நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். ஷூ மாற்றி, மிதியில் 20 முதல் 30 மில்லிமீற்றர் தளர்வு விட்டேன். பழைய ஷூ தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்; வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒயிலை என்ஜின் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும். அளவு பார்க்கும் கோலைத் திருகாமல், வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். கிளச்சும் அதே ஒயிலில்தான் ஓடுகிறது. எனவே மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே ஊற்றுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், சைக்கிள் ஏற்றத்தை இழுத்தது; புகையும் நின்றது. போர் அடிக்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தத் தம்பியை அழைத்து, மாற்றியவை எவை, செயின் இன்னும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் சொன்னேன். செயினுக்குரிய தொகையை விலையில் கழித்தேன். புத்தகத்திலுள்ள செசி, என்ஜின் இலக்கங்களைச் சைக்கிளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, பெயர் மாற்றும் பத்திரங்களையும் அன்றே கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

நினைத்ததைவிட இலாபம் குறைவுதான். ஆனால் இன்றும் அவர் வீதியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். மறைத்து விற்றிருந்தால், அவரைக் கண்டதும் நான் வேறு ஒழுங்கையால் அல்லவா போயிருப்பேன்?