பகல் வெளிச்சமும் பிள்ளைகளின் பார்வையும்

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட 24. இடைப்பட்ட ஆண்டுகளில் விழி வளர்ந்து, பிம்பம் விழித்திரையில் துல்லியமாக விழும் நீளத்தை எட்டியதும் நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். மைனஸ் இரண்டரை, மூன்று பவரில் கண்ணாடி தேவைப்படும். இதுதான் கிட்டப்பார்வை.

பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்றே நினைத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, டிவிக்கு அருகில் போய் உட்காருவது, பஸ் நெருங்கிய பிறகே நம்பரைப் படிப்பது எல்லாம் அடையாளங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் அப்படித்தான். இமைகளை இடுக்கும்போது ஒளி நுழையும் வழி குறுகி, எழுத்து கொஞ்சம் தெளிகிறது.

விழி ஏன் அளவு மீறி வளர்கிறது? பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமல்ல. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. சிங்கப்பூரில் 29 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை; சிட்னியில் சுமார் 3 சதவீதம்தான். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகளே அதிகப் புத்தகம் படித்தவர்கள். ஆனால் அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்.

வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அந்த வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து விழியின் நீட்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பதே விஞ்ஞானிகள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டுகளில் அவர்களில் 30 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம்.

நீண்ட விழி மறுபடி சுருங்காது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பயமும் வேண்டாம். சரியான பவரில் போடுவதே நல்லது. தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்யுங்கள். பள்ளிகளே, விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.