இடையகமும் பால் வாளியும்: பெருங்கணினி கோப்புகளைப் படிக்கும் முறை

மலேசியாவின் முதற் கணினி 1966-ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது. அது ஐபிஎம் 1440 என்னும் வகையைச் சார்ந்தது. அவ்வகைக் கணினியின் நினைவகம் மிகுதியாகப் போனால் 16,000 எழுத்துகளைத்தான் கொள்ளும். அதனுடன் இணையும் வட்டுத் தொகுதி ஒன்றோ 20 இலட்சம் எழுத்துகளைத் தாங்கும். நினைவகம் முழுவதையும் தரவுக்கே ஒதுக்கினாலும் வட்டில் உள்ளதன் 125-இல் ஒரு பங்கே ஒரு நேரத்தில் உள்ளே வரும். கட்டளை நிரலும் அதே நினைவகத்தில்தான் குடியிருக்க வேண்டும். இந்நெருக்கடியில் பிறந்த கலையே இடையக மேலாண்மை.

இரவு நேரத்தில் ஆள் தலையீடின்றி ஆயிரக்கணக்கான பதிவுகளை வரிசையாகப் படித்து, கணக்கிட்டு, எழுதும் பணியைத் தொகுதிச் செயலாக்கம் என்கிறோம். மின்கட்டணம், சம்பளப் பட்டியல், சேமநிதிக் கணக்கு ஆகியன இவ்வாறே நடைபெற்றன. வங்கிகளில் இன்றும் நடைபெறுகின்றன. இதில் கணினியின் கணிப்பு வேகம் அரிதாகவே தடையாகிறது. சுழலும் வட்டிலிருந்து தரவு வந்து சேரக் காத்திருக்கும் நேரமே தடை.

கோலா கங்சார் மக்களுக்கு இதனை விளக்கத் தொலைவில் உவமை தேட வேண்டியதில்லை. 1877-இல் இவ்வூரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்றெனக் காட்டப்படும் முதுமரம் மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. மரம் வெட்டும் தொழிலாளி ஒவ்வொரு மங்கிலும் ஊறிய பாலைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு நிறுவைக்கு நடந்தாரா? இல்லை. மங்குகளின் பாலை வாளியில் சேர்த்து, வாளி நிறைந்த பின்னரே நடந்தார். மங்கு ஒரு பதிவு. வாளி ஓர் இடையகம். நடை என்பது வட்டை அணுகும் ஒரு முறை. நடையின் எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம்.

கலைச்சொல் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டு நூல்கள் சிலவற்றில் ‘தாங்ககம்’ என்ற சொல்லைக் காணலாம். அதிர்ச்சி தாங்கும் பொருளுக்கு அது பொருந்தும். இங்கே தாங்குதல் எதுவும் நிகழவில்லை. வேகமான ஒன்றுக்கும் மெதுவான ஒன்றுக்கும் இடையே தரவு தங்கும் இடம் என்பதே கருத்து. ஆதலின் ‘இடையகம்’ என்னும் சொல்லே பாடவேளையில் மாணவர்க்குப் பொருளை உடனே உணர்த்தும் என்பது என் கருத்து.

இனிக் கணக்கொன்று பார்ப்போம். ஒரு சேமநிதிக் கோப்பில் ஓர் இலட்சம் உறுப்பினர் பதிவுகள், ஒவ்வொன்றும் 200 பைட் அளவின எனக் கொள்வோம். 1965-இல் வெளிவந்த ஐபிஎம் 2314 வட்டு ஒரு சுற்றுக்கு 25 மில்லிவினாடி எடுத்துக்கொண்டது. பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தால், ஒன்றைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் அடுத்த பதிவு படிமுனையைக் கடந்துவிடும். அது மீண்டும் வர ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு 2,500 வினாடி, அதாவது 42 நிமிடம் அளவில் செலவாகும். அவ்வட்டின் ஒரு தடம் 7,294 பைட் கொள்ளும். 36 பதிவுகளை 7,200 பைட் கொண்ட ஒரே கட்டாகக் கட்டி ஒரு தடத்தில் வைத்தால் 2,778 கட்டுகளே தேவை. கட்டொன்றைப் படிக்க ஒரு சுற்று, தவறவிட்ட தொடக்கத்துக்குக் காத்திருக்க மற்றொரு சுற்று எனக் கொண்டாலும் 139 வினாடியில் பணி முடியும். நிரலின் கணக்கில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது பதிவுகளைக் கட்டிய முறை மட்டுமே.

அந்த 139 வினாடியையும் பாதியாக்கலாம். அதற்கு இரண்டாவது இடையகம் வேண்டும். காண்டாக் கம்பில் இரண்டு வாளிகள் தொங்கினவே என்று மாணவர் கேட்கக்கூடும். அவ்வுவமை இங்கே பொருந்தாது. அவ்விரண்டையும் சுமந்தவர் ஒருவரே. இங்கு வேண்டப்படுவது இரண்டு ஆட்கள்: ஒருவர் ஒரு வாளியை நிரப்பும்போது மற்றவர் மற்றொன்றைச் சுமந்து செல்ல வேண்டும். 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளில் மையச் செயலகம் ஓர் ஆள். வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவைக் கடத்தும் வாய்க்கால் என்னும் உறுப்பு மற்றோர் ஆள். செயலகம் முதல் இடையகத்தின் பதிவுகளைக் கணக்கிடும் நேரத்தில் வாய்க்கால் இரண்டாம் இடையகத்தை நிரப்பிவிடும். கணக்கிடும் நேரம் ஒரு சுற்றினும் குறைவாயின் காத்திருப்பு மறைந்து, பணி 70 வினாடி அளவில் முடியும்.

இதற்கு விலை உண்டு. இரண்டு இடையகங்களுக்கு 14,400 பைட் வேண்டும். 64 கிலோபைட் நினைவகம் உடைய கணினியில் இது ஐந்தில் ஒரு பங்கினும் மிகுதி. மூன்று கோப்புகளைத் திறந்தால் நிரலுக்கு இடமே அருகிவிடும். நினைவகம் மலிந்த பின்னர் இந்த அச்சம் நீங்கிற்று. வரிசைமுறைக் கோப்புகளுக்கு ஐபிஎம் இயக்கமுறைமை, யாரும் கேளாமலே ஐந்து இடையகங்களை நெடுங்காலம் ஒதுக்கியது. 1989-இல் வந்த 3390 வட்டின் தடம் 56,664 பைட் கொண்டது. ஒரு கட்டின் உச்ச அளவு 32,760 பைட் என வரம்பிருந்ததால், ஒரு தடத்தில் இரண்டு கட்டுகள் அடங்கும் 27,998 என்னும் அளவைப் பணியாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்தனர்.

வரிசையாகப் படிக்காமல், உறுப்பினர் எண்ணைக் கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும்போது நிலைமை வேறு. 1970-களில் வந்த வீசாம் என்னும் அணுகுமுறையில் கோப்புக்கு ஓர் அட்டவணை உண்டு. அது மூன்று அடுக்குடையதாயின், ஒரு பதிவை அடைய அட்டவணைக்கு மூன்றும் தரவுக்கு ஒன்றுமாக நான்கு முறை வட்டை அணுக நேரும். வீசாம் தானாக ஒதுக்குவது தரவுக்கு இரண்டு, அட்டவணைக்கு ஒன்று. அட்டவணை இடையகங்களைக் கூட்டி மேலிரு அடுக்குகளை நினைவகத்திலேயே நிறுத்தினால் நான்கு இரண்டாகும். தரவு இடையகங்களைக் கூட்டுவது இங்கே வீண். சிதறிய படிப்பில் அவ்வமைப்பு மற்ற இடையகங்களைத் தேடிப் பார்ப்பதில்லை. அவ்வாறு தேடும் பொது இடையகக் குளம் பின்னர் வந்தது. நிரலைத் திருத்தாமல், பணிக் கட்டுப்பாட்டு வரிகளை மட்டும் மாற்றித் தொகுதிப் பணிகளும் அக்குளத்தைப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. எனினும் அக்குளம் முன்கூட்டிப் படிப்பதில்லை; வரிசைப் படிப்புக்கு அதனைப் பயன்படுத்தினால் வேகம் குறையும். கோப்பு எவ்வாறு படிக்கப்படுகிறது என்று அறியாமல் இடையக எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை.

எழுதும் திசையில் இடர் ஒன்று உண்டு. நிரல் ஒரு பதிவை எழுதிவிட்டதாகக் கருதும் நேரத்தில் அது இடையகத்தில் மட்டுமே இருக்கக்கூடும். மின்சாரம் நின்றாலோ பணி இடையில் முறிந்தாலோ அப்பதிவு வட்டை அடையாமலே போகும். வாளியில் இருந்தும் கிராணியின் ஏட்டில் ஏறாத பாலுக்குத் தோட்டத்தில் கூலி எழுதப்படாததைப் போன்றது இது. சேமநிதிக் கணக்கில் அது ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சந்தா. ஆகவே நீண்ட தொகுதிப் பணிகளில் குறித்த எண்ணிக்கைப் பதிவுகளுக்கு ஒருமுறை இடையகங்கள் அனைத்தும் வட்டில் வெறுமையாக்கப்படும். எதுவரை முடிந்தது என்ற குறிப்பும் எழுதப்படும். பணி முறிந்தால் அக்குறிப்பிலிருந்து மீண்டும் தொடங்குவர். குறிப்புகளின் இடைவெளி குறுகினால் வேகம் குறையும். நீண்டால் மீண்டும் செய்ய வேண்டியது மிகும். எத்தனை பதிவுக்கு ஒருமுறை என்பதை, அன்றிரவு பணி முடிய வேண்டிய நேரத்தை நோக்கி முடிவு செய்வர்.